ஜெரால்டின் பேஜ் நூறு: நவம்பர் நாட்குறிப்பு

3 நவம்பர் 2024, ஞாயிறு

வரும் 22ஆம் தேதியோடு அமெரிக்க நடிகை ஜெரால்டின் பேஜ் பிறந்து நூறு வருஷம் ஆகிறது. அதற்குள் அவர் நடித்ததில் கைக்குக் கிடைப்பதையெல்லாம் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க இங்கே எழுதுகிறேன்.

அவரைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் வருவது ஆஸ்கார் கணக்குதான்: ஏழு தடவை பரிந்துரையாகிக் கிடைக்காமல் போய், எட்டாவது தடவை கிடைத்தது. கணக்கு சரி. ஆனால் அதைக் கேட்கும்போது, முப்பது வருஷம் யாரோ வீட்டு வாசலில் காத்துக் கிடந்த மனுஷி என்று தோன்றும். அவர் காத்துக் கிடக்கவே இல்லை. அந்த முப்பது வருஷமும் மேடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதை எழுதத்தான் இந்தக் குறிப்புகள்.

பிறந்தது மிசௌரி மாநிலம், கர்க்ஸ்வில். வளர்ந்தது சிகாகோ. மெதடிஸ்ட் சர்ச் நாடகக் குழுவில் ஆரம்பித்து, குட்மன் நாடகப் பள்ளியில் படித்து 1945இல் வெளியே வந்தார். பிறகு சின்னச் சின்ன ஊர்களில் கோடைக்கால நாடகக் குழுக்கள். நியூயார்க்கில் வயிற்றுப்பாட்டுக்காக, விருந்தினரின் தொப்பியையும் கோட்டையும் வாங்கி வைத்துத் திருப்பித் தரும் வேலைகூடப் பார்த்தார். நடிகையும் நடிப்பு ஆசிரியருமான உத்தா ஹேகனிடம் நடிப்புப் பாடம்.

6 நவம்பர், புதன்

‘சம்மர் அண்ட் ஸ்மோக்’ பார்த்தேன், 1961இல் வந்த படம். ஆனால் கதை தொடங்குவது அதற்கு முன்னால்.

நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் இந்த நாடகம் 1948இல் பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பகுதியில், 102 காட்சிகளோடு நின்றுபோனது. முடிந்த கதை என்றுதான் எல்லோரும் விட்டுவிட்டார்கள். 1952 ஏப்ரலில், கிரீனிச் வில்லேஜில் ‘சர்க்கிள் இன் தி ஸ்கொயர்’ என்ற சின்ன அரங்கில் இயக்குநர் ஹோசே கின்டேரோ அதை மறுபடி எடுத்தார். முன்பு இரவு விடுதியாக இருந்த இடம் அது. மூன்று பக்கமும் பார்வையாளர்கள், நடிகை மூச்சு விட்டால் காதில் விழும் தூரம். ஆல்மா என்ற பாதிரியார் மகளாக நடிக்க, பெயர் தெரியாத ஜெரால்டின் பேஜ். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ப்ரூக்ஸ் அட்கின்சன் பாராட்டி எழுதினார். கூட்டம் வந்தது, வருஷக் கணக்கில் பேச்சு ஓயவில்லை. பிராட்வேக்கு வெளியே நடக்கும் சிறு நாடகங்களைப் பெரிய பத்திரிகைகள் மதிக்க ஆரம்பித்ததற்கு இந்த நாடகத்தைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். 27 வயதுப் பெண் ஒருத்தி, தோற்றுப்போன ஒரு நாடகத்தையும் ஒரு புது நாடக மரபையும் ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்தினாள் என்றால் மிகையில்லை. கின்டேரோவுக்கும் அதில் சரிபாதி உண்டு.

படத்தில் ஆல்மா பேசுவதைக் கவனித்தேன். வாக்கியத்தின் நடுவே காற்றை விழுங்குகிறாள். சிரிக்க ஆரம்பித்து அந்தச் சிரிப்பே தொண்டையில் அடைத்துக்கொள்கிறது, உடனே விரல்கள் கழுத்துக்குப் போகின்றன. ‘பேசும்போது காற்றை விழுங்குகிறாய்’ என்று அடுத்த வீட்டு டாக்டர் ஜான் அவளிடம் சொல்கிற இடம் நாடகத்திலேயே உண்டு. எழுத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஓர் உடம்பு முழுக்கச் செய்திருக்கிறார் பேஜ். ஆசையை அடக்கி அடக்கியே மூச்சுப் பழக்கம் மாறிப்போன உடம்பு அது. கடைசியில் ஆல்மா மனசு மாறி ஜானிடம் தன்னையே கொடுக்க வரும்போது, அந்தத் திணறல் இல்லை. குரல் இறங்கி, சீராக வருகிறது. அப்போது அவன் வேறொரு பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டவன்.

கையாட்டல் அதிகம், மிகை நடிப்பு என்று அவரை அன்றே குறை சொன்னவர்கள் உண்டு. இந்தப் படத்தில் ஓரிரு இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றியது. மேடையில் முதல் வரிசை நாலடியில் இருந்தது, கேமரா அதைவிடக் கிட்டே வந்துவிட்டது. ஆனால் அந்தக் கைகளைக் கட்டிப்போட்டிருந்தால் ஆல்மாவே கிடைத்திருக்க மாட்டாள்.

9 நவம்பர், சனி

‘ஹோண்டோ’, 1953. மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் எடுத்த முப்பரிமாண கௌபாய் படம், ஜான் வெய்ன் நாயகன். பேஜுக்கு முதல் பெரிய திரைவேடம்.

வெளியுலகமே இல்லாத பண்ணையில் சிறு மகனோடு தனியாகக் கிடக்கும் ஆஞ்சி. தான் அழகியில்லை என்று அவளே வெய்னிடம் சொல்கிறாள். அதில் கழிவிரக்கம் துளியும் இல்லை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற தொனி. படத்தின் நாயகி இவர்தான், ஆனாலும் ஆஸ்கார் பரிந்துரை துணைநடிகைப் பிரிவில். எனக்கு இன்னும் புரியாத கணக்கு இது.

பரிந்துரை கிடைத்த பிறகு வாய்ப்புகள் குவிந்திருக்க வேண்டும். ஹாலிவுட் அடுத்த எட்டு வருஷம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்காமல் ஒதுக்கிய மெக்கார்த்தி காலம் அது. கறுப்புப் பட்டியலில் இருந்த உத்தா ஹேகனின் மாணவி என்பதால் இவர் பெயரும் கறைபட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. முகமும் ஸ்டூடியோக்கள் விரும்பிய அச்சில் இல்லை. ஸ்டூடியோக்களுக்குத்தான் நஷ்டம். அந்த எட்டு வருஷமும் நியூயார்க் அவரை வைத்துக்கொண்டது.

13 நவம்பர், புதன்

‘ஸ்வீட் பேர்ட் ஆஃப் யூத்’. மறுபடி டென்னசி வில்லியம்ஸ். 1959 மார்ச்சில் பிராட்வேயில், எலியா கசான் இயக்கத்தில், பால் நியூமனோடு. 375 காட்சிகள் ஓடியது. 1962இல் ரிச்சர்ட் ப்ரூக்ஸ் படமாக்கினார், பேஜும் நியூமனும் அதே வேடங்களில்.

அலெக்ஸாண்ட்ரா டெல் லாகோ, வயதாகிவிட்ட திரை நட்சத்திரம். திரும்பி வந்து நடித்த படம் தோற்றுவிட்டது என்று நம்பி ஊரைவிட்டு ஓடுகிறாள். ஹோட்டல் அறையில் கண்மூடியோடு விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஆக்ஸிஜனுக்குத் தவிக்கிற பெண். ஆல்மாவாக நடித்தவர்தான் இவர் என்று நம்ப முடியவில்லை. குரல் ஒரு படி கீழே, கனமாக, புகையில் ஊறி வருகிறது.

தொலைபேசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பத்திரிகைக்காரர் ஒருவரிடம் பேசும்போது, படம் தோற்கவில்லை, ஓகோவென்று ஓடுகிறது என்று தெரிகிறது. பக்கத்தில் நியூமன், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறான். பேஜின் முகம் முதலில் எதையும் நம்பவில்லை. பிறகு முதுகு நிமிர்கிறது. பிறகு கை தலைமுடியைச் சரிசெய்கிறது, எதிர்முனையில் இருப்பவர் பார்த்துவிடுவார் என்பதுபோல. அந்தக் கணத்தில் நியூமன் அவளுக்கு அறையில் இருக்கிற நாற்காலி மாதிரி ஆகிவிடுகிறான். நட்சத்திரம் என்றால் என்ன என்று வசனம் எதுவும் சொல்லவில்லை, முதுகு சொல்லிவிட்டது.

1960இல் மேடைக்கான டோனி விருதுக்கு இந்த வேடத்தோடு போட்டியிட்டார். ஆன் பேன்க்ராஃப்டுக்குப் போனது. இதே வேடத்தின் திரை வடிவத்துக்கு ஆஸ்கார் பரிந்துரை, அதுவும் பேன்க்ராஃப்டுக்குப் போனது. இரண்டு தடவையும் ‘தி மிராக்கிள் வொர்க்கர்’. அதுவும் மகத்தான நடிப்பு, குறை சொல்ல வழியில்லை. பேன்க்ராஃப்ட் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

நாடகத்திலும் படத்திலும் டாம் ஜூனியராக நடித்த ரிப் டார்னை 1963இல் மணந்தார்.

16 நவம்பர், சனி

எங்கள் நாடக ஒத்திகைக்கு வந்திருந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு முகம் தொங்கிப்போயிருந்தது, அவளுக்கு நாலு வரி வசனம்தான். இடைவேளையில் லேப்டாப்பைத் திறந்து ‘தி போப் ஆஃப் கிரீனிச் வில்லேஜ்’ படத்திலிருந்து பேஜ் வருகிற பகுதியை மட்டும் போட்டுக் காட்டினேன். 1984. படம் முழுக்கவே சில நிமிஷம்தான் வருகிறார். செத்துப்போன போலீஸ்காரனின் தாய், மிஸஸ் ரிட்டர். அதற்கே ஆஸ்கார் பரிந்துரை.

விசாரிக்க வந்த அதிகாரிகள் எதிரே நிற்கிறார்கள். சிகரெட் அவர் கையில் விறகு வெட்டுகிறவள் கையில் கத்தி மாதிரி பழகிக் கிடக்கிறது. மகன் நல்லவனில்லை என்று அந்தத் தாய்க்குத் தெரியும். அதை இவர்கள் வாயால் கேட்கத் தயாரில்லை. அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்த வீட்டில் முப்பது வருஷம் சமையல் நடந்திருக்கிறது, சண்டை நடந்திருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் இரண்டாவது தடவை போடச் சொன்னார்கள்.

இரவில் ‘இன்டீரியர்ஸ்’, 1978, வுடி ஆலன் இயக்கியது. வீடுகளை அலங்கரிப்பதே வாழ்க்கையான ஈவ், கணவன் விட்டுப் போனதும் உடைகிறாள். ஜன்னல் இடுக்குகளில் டேப்பை ஒட்டி அடைத்துவிட்டு, கேஸைத் திறந்துவிடப் போகிறாள். டேப்பைச் சுருளிலிருந்து இழுக்கும் சர்ரென்ற சத்தம்தான் அந்தக் காட்சியின் இசை. பேஜ் அழவில்லை, அவசரப்படவில்லை. சாகப் போகிறபோதும் டேப் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவள் போல வேலை செய்கிறார். கைகளை அதிகம் ஆட்டுகிறார் என்று சொன்னவர்களுக்கு இந்தக் காட்சியைக் காட்ட வேண்டும்.

17 நவம்பர், ஞாயிறு

‘எ கிறிஸ்மஸ் மெமரி’, 1966இல் வந்த தொலைக்காட்சிப் படம், ட்ரூமன் கபோட்டியின் கதை, பின்னணிக் குரலும் அவருடையது. சிறுவனும் வயதான உறவுக்காரப் பெண்ணும் சேர்ந்து பழக்கேக் செய்வதுதான் கதை. பேஜுக்கு அப்போது 42 வயது. அந்தக் கிழவியை ஒப்பனையால் செய்யவில்லை, குழந்தைத்தனத்தால் செய்திருக்கிறார். தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. பிறகு அதே பாத்திரத்தை ‘தி தேங்க்ஸ்கிவிங் விசிட்டர்’ படத்தில் செய்து இன்னொரு எம்மி.

22 நவம்பர், வெள்ளி

நூறாவது பிறந்தநாள். ‘தி ட்ரிப் டு பவுன்டிஃபுல்’ படத்தை இன்றைக்கென்று வைத்திருந்தேன்.

ஹார்ட்டன் ஃபூட் 1953இல் தொலைக்காட்சிக்காக எழுதிய நாடகம், அப்போது லில்லியன் கிஷ் நடித்தார். 1985இல் பீட்டர் மாஸ்டர்சன் படமாக்கினார். ஹூஸ்டனில் மகனோடும் மருமகளோடும் நெருக்கடியான ஃப்ளாட்டில் இருக்கும் கேரி வாட்ஸ், சாவதற்குள் பிறந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வூதியக் காசோலையை ஒளித்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அந்த ஊரிலோ இப்போது யாரும் இல்லை.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், கட்டிக்கொண்டவரைத் தான் காதலித்ததில்லை என்று சொல்கிறாள். நேசித்தவன் வேறு. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அவன் தினமும் அவள் வீட்டுப் பக்கமாக நடந்து போவான், அவள் தலையசைப்பதற்காக. பேஜ் இதைச் சோகமாகச் சொல்லவில்லை. இன்னும் அந்தத் தெரு கண்ணுக்குத் தெரிவதுபோல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, கிட்டத்தட்டச் சந்தோஷமாகச் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் இளம்பெண்ணின் கண்தான் கலங்குகிறது.

1986 மார்ச் 24 இரவு, ஆஸ்கார் விழாவில், நடிகர் எஃப். முர்ரே ஆப்ரஹாம் உறையைப் பிரித்ததும் பெயரைப் படிக்கவில்லை. ஆங்கில மொழியின் மிகப் பெரிய நடிகையாக நான் கருதுகிறவர் இவர் என்று முதலில் சொன்னார். பேஜ் செருப்பைக் கழற்றி வைத்திருந்ததால் எழுந்து வரக் கொஞ்சம் நேரமானது. அன்றைக்கு எதிரே இருந்த பரிந்துரைகளில் ஆன் பேன்க்ராஃப்டும் ஒருவர், ‘ஆக்னஸ் ஆஃப் காட்’ படத்தில் கன்னியாஸ்திரீ மடத்துத் தலைவியாக நடித்ததற்கு. அந்த வேடத்தை 1982இல் பிராட்வேயில் முதலில் செய்தவர் ஜெரால்டின் பேஜ். நாடகம் 599 காட்சிகள் ஓடியது. அதைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும், அவர் என்ன செய்தார் என்று. எனக்கு இந்த ஆதங்கம் தீரவே தீராது.

24 நவம்பர், ஞாயிறு

மன்ஹாட்டன் போயிருந்தேன். செல்சீயில் 22ஆம் தெருவில் அவரும் ரிப் டார்னும் வாழ்ந்த வீட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். அழைப்புமணியில் ‘டார்ன் பேஜ்’ என்றுதான் இருக்குமாம். அதே பெயரில் இப்போது அங்கே சிறு நாடக நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

ஆஸ்கார் கையில் வந்த பிறகும் மேடைக்கே திரும்பினார். 1987இல் நீல் சைமன் தியேட்டரில் ‘பிளைத் ஸ்பிரிட்’, ஆவிகளோடு பேசும் மேடம் ஆர்கட்டி வேடம். நாலாவது டோனி பரிந்துரை அதற்குத்தான். ஜூன் 7 அன்று விருது லிண்டா லாவினுக்குப் போனது. பேஜுக்குக் கடைசிவரை டோனி இல்லை. மேடைக்கென்றே வாழ்ந்தவருக்கு மேடை விருது இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஜூன் 13, சனிக்கிழமை. இரண்டு காட்சிகள், இரண்டுக்கும் அவர் வரவில்லை. வேறொரு நடிகை அவர் வேடத்தில் நடித்தார். இரவுக் காட்சி முடிந்ததும் தயாரிப்பாளர் மேடைக்கு வந்து, ஜெரால்டின் பேஜ் இறந்துவிட்டார் என்று பார்வையாளர்களிடம் சொன்னார். மாரடைப்பு. 62 வயது.

26 நவம்பர், செவ்வாய்

‘த்ரீ சிஸ்டர்ஸ்’, ரஷ்ய எழுத்தாளர் செகாவின் நாடகம். நடிகர்களின் பயிற்சிக் கூடமான ஆக்டர்ஸ் ஸ்டூடியோ 1964இல் லீ ஸ்ட்ராஸ்பெர்க் இயக்கத்தில் பிராட்வேயில் போட்டது, பிறகு பதிவும் செய்தார்கள். மாஷாவாக கிம் ஸ்டான்லி, மூத்தவள் ஓல்காவாக பேஜ். எல்லோரும் ஸ்டான்லியைப் பற்றித்தான் பேசுவார்கள், நியாயம்தான். ஆனால் ஓல்காவைப் பாருங்கள். நாடகத்தின் முதல் பேச்சு அவளுடையது: அப்பா இறந்து இன்றோடு ஒரு வருஷம். பள்ளிக்கூட வேலை, ஓயாத தலைவலி, தங்கைகள் மேல் பிரியம். கதை தன்னைச் சுற்றி இல்லாத ஒரு பெண்ணாக, மற்றவர்கள் பேசும்போது காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார் பேஜ். முதல் அங்கம்தான் முடிந்திருக்கிறது. மிச்சத்தை நாளை இரவு பார்த்துவிட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை ஒத்திகையில் அந்த முதல் பேச்சைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.