குமிழி வந்தால் ஆக்சிஜன் வருகிறது என்று அர்த்தமில்லை

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பயோமெடிக்கல் டெக்னீஷியன். மானிட்டர், வென்டிலேட்டர், ஆபரேஷன் கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் என்று எது படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் மயக்க மருந்து மேடம், "உகாண்டாவுக்கு ரெண்டு வாரம் ஆபரேஷன் கேம்ப் போறோம், நீங்களும் வாங்களேன். போன தடவை டயதெர்மி ஓடாம டாக்டருங்க எல்லாரும் ஒரு நாள் பூரா சும்மா உக்காந்திருந்தோம்" என்றார். டயதெர்மி என்பது ஆபரேஷனில் கரண்டால் வெட்டி, ரத்தத்தை நிறுத்தும் மெஷின். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அங்க போய் உங்களுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்விதான்.

முதலில் ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். போட்டதற்குச் சான்றாக ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அது செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. 2016இலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டிலும் கேட்பார்கள், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின், கிளம்புவதற்கு முந்தின நாளிலிருந்து ஊர் திரும்பி 4 வாரம் வரை தினம் ஒன்று. முதல் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஏர்போர்ட் போகும் வழியில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தது நான்தான். சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

டாக்டர்களும் நர்ஸுகளும் அந்த நாட்டு கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்கே உள்ள கவுன்சில் நன்னடத்தைச் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் காகிதங்களுக்கே இரண்டு மாதம் போனது. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்க்ரூடிரைவருக்கு ஏது கவுன்சில்?

என் பெட்டியில் துணி ஆறு கிலோ, மீதியெல்லாம் சாமான்: ஃபியூஸ், சிலிகான் டியூப், கிளாம்ப், ஃபில்டர் ஸ்பாஞ்ச், மல்டிமீட்டர், ஆக்சிஜன் அளக்கும் மீட்டர். அடிஸ் அபாபா வழியாக உகாண்டாவின் என்டபே ஏர்போர்ட் போய் இறங்கியதும் கஸ்டம்ஸில் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதமும் சாமான் பட்டியலும் இரண்டு பிரதி வைத்திருந்ததால் தப்பித்தேன்.

கம்பாலாவிலிருந்து மசாகா போகும் சாலையில் பூமத்திய ரேகையைத் தாண்டினோம். வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டோம். அப்புறம் செம்மண் பாதை, இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்றிருந்தது. அங்கே வாழைக்காய்தான் சோறு. மடோக்கே என்று ஆவியில் வேகவைத்து மசித்து, வேர்க்கடலைக் குழம்பு ஊற்றித் தருவார்கள். எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் நர்ஸுகள் ஊறுகாய் பாட்டிலை ஒளித்துவைத்துச் சாப்பிட்டார்கள்.

போன மறுநாள் அந்த ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் என்னை ஒரு ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பையன். கதவைத் திறந்தால் உள்ளே மெஷின்கள், என் மார்பளவுக்கு. பல நாடுகளிலிருந்து தானமாக வந்தவை. சிலது 110 வோல்ட்டில் ஓடுகிற அமெரிக்க மெஷின். உகாண்டாவில் 240 வோல்ட். யாரோ பிளக்கை மட்டும் மாற்றிச் செருகியிருக்கிறார்கள், உள்ளே கருகிவிட்டது. சிலதற்கு ஒயர் இல்லை, சிலதற்குக் கையேடு இருந்தும் வேறு மொழி. சில மெஷினுக்கு ஒன்றுமே ஆகவில்லை, ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். தானம் கொடுத்தவர்கள் மேல் கோபம் வந்தது. ஸ்பேரும் கையேடும் இல்லாமல் அனுப்புவதைத் தானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, குப்பையைக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள்.

குழந்தைகள் வார்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். இந்தப் பெட்டி காற்றை அழுத்தி, ஜியோலைட் என்ற மணல் மாதிரிப் பொருள் வழியாக விட்டு நைட்ரஜனைப் பிடித்துவைத்துவிடும். சரியாக ஓடினால் 90க்கு மேல் வரவேண்டும். நிமோனியா வந்த ஒரு பாப்பாவுக்கு மூக்கில் டியூப் போட்டிருந்தார்கள். காற்றை ஈரமாக்க வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலில் குமிழி நன்றாக வந்துகொண்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். 34. மீட்டரில்தான் கோளாறு என்று நினைத்து வெளிக்காற்றில் வைத்தேன், 21 காட்டியது. மறுபடி டியூபில் வைத்தேன், 34.

நர்ஸ் அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. "குமிழி வருகிறதே" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் சொல்லித்தரவில்லை, அளக்க மீட்டரும் இல்லை. அலாரம் கத்திக்கொண்டே இருந்ததால் எப்போதோ யாரோ அதன் ஒயரைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். பாப்பாவுக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து மாற்றினோம். பெட்டியை வெளியே தூக்கிப்போய்த் திறந்தால் ஃபில்டர் முழுக்கச் செம்மண், செங்கல் மாதிரி இறுகியிருந்தது. உள்ளே ஒரு குழாயின் கிளாம்ப் கழன்று காற்று கசிந்தது. ஃபில்டரை மாற்றி, கிளாம்பை முடுக்கி ஓட்டினேன். 71. அதற்கு மேல் ஏறவில்லை. ஈரம் பட்டு ஜியோலைட் கெட்டுவிட்டது என்று புரிந்தது.

அப்போது அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் ஷெட்டுக்குப் போய், அதே மாடலில் கம்ப்ரஸர் போன ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஜியோலைட் சிலிண்டர்கள் நன்றாக இருந்தன. ஸ்க்ரூக்களைத் தொலையாமல் மார்ஜரின் டப்பாவில் போட்டுவைப்பது அவர் வழக்கம். மதியத்துக்குள் இரண்டு பெட்டியை ஒன்றாக்கினோம். 92. அந்த எண்ணை அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் பக்கம் குடலிறக்கம், விரைவீக்கம், கர்ப்பப்பைக் கட்டி என்று இரண்டு வாரமும் ஓய்வே இல்லை. தினமும் கரண்ட் போகும். ஜெனரேட்டர் கிளம்புவதற்குள் சில நிமிஷம், மேடம் போன் டார்ச்சோடு நின்றுகொண்டு நோயாளிக்கு மூச்சு கொடுக்கும் பையைக் கையால் அமுக்குவார். நான் பின்கட்டில் அந்தப் பையனோடு உட்கார்ந்து ஒவ்வொரு மெஷினாகத் திறந்தேன். போகிற வருகிறவர்கள் எங்களைப் பார்த்து "ஜெபலே கோ" என்பார்கள். வேலை செய்கிறவரைப் பார்த்து, உழைப்புக்கு நன்றி என்கிற மாதிரி ஒரு வணக்கம். நம்மிடம் இதற்குச் சரியான வார்த்தை இல்லை, "என்ன, வேலை நடக்குதா?" என்றுதான் கேட்போம்.

இரண்டு வாரத்தில் 11 மெஷின் ஓடியது. அதில் 4, நான் ஊர் வருவதற்குள் மறுபடி நின்றுவிட்டதாகத் தகவல். இனி போகிறவர்கள் மெஷின் கொண்டுபோக வேண்டாம். என்ன ஸ்பேர் வேண்டும் என்று ஒரு மாதம் முன்னாடியே கேட்டு, அதைக் கொண்டுபோங்கள். ஆக்சிஜன் மீட்டரை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்கும் சென்ஸார் சில வருஷத்தில் தீர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

போன வாரம் அந்தப் பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆட்டோகிளேவ் மூடியின் ரப்பர் வளையம் வெடித்துக் கிடக்கிறது, பக்கத்தில் அளவு நாடா. மாடல் எண் அழிந்துபோயிருக்கிறது. பிராட்வேயில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், அந்த அளவு கிடைக்கவில்லை. இன்னும் குறுக்களவை மட்டும்தான் அளந்திருக்கிறார். தடிமன் எவ்வளவு என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.