கரி எஞ்சினுக்கு டீகோடர்: பாம்பன் நாட்குறிப்பு

மே 4

தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்க, அவற்றின் வயர்லெஸ், ஜி.பி.எஸ். பெட்டிகள் என் மேசையில் கிடக்கின்றன. பகல் அவற்றுக்கு, ராத்திரி என் மாடல் ரயில் எஞ்சினுக்கு.

எஞ்சின் 1:76 அளவு, 4-6-2 சக்கரம், அதாவது முன்னால் நாலு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு. பிரிட்டனில் ஓடியதன் பழைய மாடல். நம் மீட்டர்கேஜ் ஒய்.பி. ரகக் கரி எஞ்சினும் 4-6-2 தான் என்பதால் சித்தப்பா பார்த்தவுடனே "ஒய்பி கணக்காவே இருக்கேடா" என்றார். பாம்பன் பாலத்தில் கேங்மேனாக இருந்தவர் சொன்னால் சரிதான்.

இதற்குள் டீகோடர் பொருத்தி டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கு மாற்றப் போகிறேன் என்றதும், அது என்னவென்று கேட்டார். தண்டவாளத்தில் எந்நேரமும் 15 வோல்ட் போல மின்சாரம் இருக்கும், அது திசை மாறி மாறித் துடிக்கும், அரைத் துடிப்பு 58 மைக்ரோ விநாடி என்றால் ஒன்று, 100 என்றால் பூஜ்யம், டீகோடர் அதைப் படித்துத் தன் எண்ணுக்கு வந்த உத்தரவுக்கு மட்டும் மோட்டாரை ஓட்டும் என்றேன். மற்றதெல்லாம் காதில் விழுந்ததோ இல்லையோ, 58-ஐப் பிடித்துக்கொண்டார். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. அந்தக் கதையிலேயே சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

மே 6

12 வோல்ட் கொடுத்து, மோட்டார் அச்சை விரலால் இறுக்கிப் பிடித்து ஆம்பியர் பார்த்தேன். 0.8-க்குப் பக்கம். ஒரு ஆம்பியர் டீகோடர் தாங்கும். பழைய மோட்டாருக்கு இந்தச் சோதனை இல்லாமல் டீகோடர் வாங்குவது காசைக் கடலில் போடுவது.

மே 9

இந்த வேலையின் உயிர்நாடி இன்றுதான். பழைய எஞ்சின்களில் மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் இரண்டு பிரஷ்களில் ஒன்று சட்டத்தோடு ஒட்டியே இருக்கும். சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு சேர்ந்தது. அப்படியே டீகோடரை இணைத்தால் தண்டவாள மின்சாரம் நேரே டீகோடரின் மோட்டார் முனைக்குள் போய் டீகோடரை எரித்துவிடும்.

பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங்குக்கு இரண்டு கால்கள். ஒன்றில் மின்சாரம் கடத்தாத, மஞ்சளேறிய சின்ன ஸ்லீவ், மற்றது வெறுங்கம்பி. வெறுங்காலிலும் ஒரு ஸ்லீவ் மாட்டி, இரண்டு பிரஷ்ஷுக்கும் தனித்தனி வயர் இழுத்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனை பிரஷ்ஷில், மற்றது சட்டத்தில். சத்தமில்லை, அதாவது தொடர்பில்லை. சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டே மறுபடி பார்த்தேன், அப்போதும் இல்லை. நிற்கும்போது மட்டும் பார்ப்பது போதாது. ரேடியோ இரைச்சலுக்காகப் போட்டிருந்த கப்பாசிட்டரையும் வெட்டி எடுத்தாயிற்று. அது டீகோடருக்கு ஆகாது.

மே 11

டீகோடரை டெண்டருக்குள், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரிப் பெட்டிக்குள் வைத்தேன். பாய்லருக்குள் ஈய எடை அடைத்திருக்கிறது, இடமில்லை. டீகோடரின் கம்பிகளில் சிவப்பு வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடதுக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. முன் விளக்குக்கு வெள்ளை, பொதுக் கம்பி நீலம். எல்.இ.டி.க்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். டீகோடரைச் சுற்றி டேப் ஒட்டவில்லை. சூடு வெளியேற வேண்டும். அடியில் மட்டும் இருபக்க டேப்.

மே 12

முதலில் புரோகிராமிங் தண்டவாளம், டீகோடரின் எண்களைப் படிக்கவும் மாற்றவும் தனியாக உள்ளது. அதில் மின்சாரம் குறைவு, எங்காவது ஷார்ட் இருந்தாலும் புகை வராது. முகவரி 3 என்று படித்தது. நிம்மதி.

புது எண் வைக்க வேண்டும். 653 என்று நான்தான் ஆரம்பித்தேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் கொண்டுபோன பாசஞ்சரின் எண். சித்தப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். "அந்த நம்பர் வேணாம்ப்பா" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பாலம் திறந்த வருடத்தை வைத்தோம், 1914. சி.வி. என்பது டீகோடருக்குள் அமைப்புகளைச் சேமிக்கும் இடம். சி.வி. 17-இல் 199, சி.வி. 18-இல் 122, நாலிலக்க எண் வேலை செய்ய சி.வி. 29-இல் 38. கணக்கு இதுதான்: 1914-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 122, ஈவோடு 192-ஐக் கூட்டு.

மே 18

மூன்று நாளாகக் கச்சான், தென்மேற்குக் காற்று. ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து ஜன்னலை மூடியே வைத்திருந்தும் தண்டவாளத்தில் விரல் வைத்தால் பிசுபிசுக்கிறது. எஞ்சின் ஒரு சாண் போகிறது, விளக்கு அணைகிறது, நிற்கிறது, மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்புகிறது. டீகோடர் இல்லாத பழைய முறையில் இதே அழுக்குக்குச் சற்றுத் தடுமாறினாலும் உருண்டுவிடும். டீகோடரோ ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் போனாலும் முதலிலிருந்து தொடங்கும். இந்தக் கரையில் டீகோடர் பொருத்துவது பாதி வேலைதான். மீதி உப்போடு.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்தேன். உப்புத்தாள் போடக் கூடாது, கீறலில் அழுக்கு தங்கும்.

மே 24

எஞ்சினின் சக்கரங்கள் மட்டும் மின்சாரம் எடுத்தால் இங்கே பத்தாது. தலைமுடி கனத்துப் பாஸ்பர் வெண்கலக் கம்பியை வளைத்து, டெண்டர் சக்கரங்களின் முதுகிலும் உரசுகிற மாதிரி வைத்தேன். அழுத்தினால் சக்கரம் உருளாமல் வழுக்கும், தளர்ந்தால் மின்சாரம் வராது. ஒரு முழு ராத்திரி இதற்கே போனது, ஆனால் டீகோடரைவிட இதுதான் எஞ்சினை மாற்றியது.

அதன்பிறகு நீலக் கம்பிக்கும் டீகோடரின் கிரவுண்டுக்கும் இடையே, மின்சாரம் ஒரு கணம் போனாலும் டீகோடரைத் தாங்கிப்பிடிக்கும் கப்பாசிட்டர் தொகுதி. இதைக் கடைசியில் போட்டதற்குக் காரணம் உண்டு: பெரிய கப்பாசிட்டர் இருந்தால் சில டீகோடர்களைப் புரோகிராமிங் தண்டவாளத்தில் படிக்க முடியாது. ஈயப் பற்று வைத்த இடங்களுக்கெல்லாம், ஜி.பி.எஸ். போர்டுக்குப் பூசும் அதே வார்னிஷ்.

மே 26

காற்று நிற்கவில்லை, எஞ்சினும் நிற்கவில்லை. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, "பாலத்துல இந்த வேகம் போனா டிரைவருக்கு மெமோதான்" என்றார். சரி என்று உச்ச வேகத்துக்கான சி.வி. 5-ஐ 255-இலிருந்து 90-க்கு இறக்கி, நடு வேகத்துக்கான சி.வி. 6-ஐ அதில் பாதியாக்கி, கிளம்புவது மெதுவாக இருக்க சி.வி. 3-ஐ ஏற்றினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். சி.வி. 5-ஐ 70 ஆக்கினேன்.

ஜூன் 15-க்குப் படகுகள் இறங்கிவிடும். அதற்குள் அலமாரியில் இருக்கும் சின்ன ஷண்டிங் எஞ்சினையும் பிரித்துவிட வேண்டும். அதில் டெண்டரே கிடையாது, கப்பாசிட்டரை எங்கே திணிப்பது என்றுதான் தெரியவில்லை.