லூப்ளின் யெஷிவாவில் ஒரு காலை

போலந்தின் லூப்ளினுக்கு வருகிறவர்களில் பலர் நேரே மைதானெக் வதைமுகாமுக்குத்தான் போகிறார்கள். எனக்கு முதலில் லூபர்தோவ்ஸ்கா தெரு 85ஆம் எண் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். இங்கே படித்த பையன்கள் எப்படிச் செத்தார்கள் என்பது தெரியும். எப்படி வாழ்ந்தார்கள்?

தூண் வைத்த வாசலோடு மஞ்சளாக நிமிர்ந்து நிற்கிறது கட்டடம். ரபி மெயிர் ஷபிரோ 1930இல் திறந்த யெஷிவா, அதாவது யூத வேதக் கல்லூரி. அதற்கு முன் ஏழை மாணவன் ஜெபக்கூட பெஞ்சில் படுத்து, நாளுக்கொரு வீட்டில் சாப்பிட்டுப் படித்தான். நம் ஊர் வாரச் சாப்பாடு மாதிரியேதான். எந்த வீட்டில் முகம் கொடுத்துப் பரிமாறுவார்கள், எங்கே முணுமுணுப்பார்கள் என்பதும் அவனுக்கு ஒரு பாடமாக இருந்திருக்கும். வேதம் படிக்கிறவன் கையேந்தக் கூடாது என்று ஷபிரோ அமெரிக்கா வரை போய் நிதி திரட்டினார். விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் எழுந்தன.

சேர்வது லேசல்ல. யூதச் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய பெருந்தொகுப்பான தல்மூதில் 200 ஏடு மனப்பாடமாக இருக்க வேண்டுமாம். ஏடு என்றால் இரண்டு பக்கம். நடுவில் மூலம், ஒருபுறம் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை, மறுபுறம் அவருக்குப் பின் வந்தவர்களின் வாதங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து உரக்கச் சண்டை போட்டுத்தான் படிப்பார்கள். அமைதியான நூலகத்தைக் கற்பனை செய்யாதீர்கள்!

உலகமெங்கும் யூதர்கள் ஒரே நாளில் ஒரே ஏட்டைப் படிக்க வேண்டும் என்று 1923இல் வியன்னா மாநாட்டில் சொன்னவரும் ஷபிரோதான். 2,711 ஏடுகள், ஏறக்குறைய ஏழரை வருடம். அந்தச் சுற்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1933இல், 46 வயதில் அவர் காலமானார். கடைசி நேரத்தில் 'மகிழ்ச்சியோடு இருங்கள்' என்று கேட்டுக்கொள்ள, மாணவர்கள் அழுதுகொண்டே கட்டிலைச் சுற்றி ஆடினார்களாம். 1939இல் ஜெர்மானியர் வந்தார்கள், யெஷிவா மூடப்பட்டது. 1942 வசந்தத்தில் லூப்ளின் யூதர்களில் பெரும்பாலோரை பெல்செக் கொலைமுகாமுக்கு ரயிலேற்றிக் கொன்றார்கள்.

கட்டடத்தில் இப்போது ஹோட்டல் நடக்கிறது. 2007இல் புதுப்பித்துத் திறந்த ஜெபக்கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அப்புறம் பழைய கல்லறைத் தோட்டம். 'லூப்ளினின் ஞானதிருஷ்டியாளர்' யாக்கோவ் யிட்ஸ்காக்கின் சமாதியில், அவரைக் குருவாகக் கொண்டாடும் ஹசீதியர்கள் என்ற பக்தி மரபு யூதர்கள் வேண்டுதல் சீட்டு வைப்பது வழக்கம். நானும் ஒன்று வைத்தேன், தமிழில்தான். அக்கா மகன் பத்தாம் வகுப்பு எழுதுகிறான்.