காத்தான்குடியில் வாங்கிய யாஷிக்கா

பழைய பிலிம் கமரா ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதென்றால், பெரும்பாலும் அது பழுதென்று விற்பவரே நம்பிவிட்டார் என்று பொருள். காத்தான்குடியில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே, ரேடியோவும் மணிக்கூடும் திருத்தும் ஒரு சிறிய கடையில் நான் 6,000 ரூபாய்க்கு வாங்கிய யாஷிக்கா எலக்ட்ரோ 35 ஜீ.எஸ்.என். அப்படித்தான் என் கைக்கு வந்தது. எலக்ட்ரோ 35 வரிசை 1966இல் தொடங்கியது, ஜீ.எஸ்.என். 1973இல் வெளிவந்த வடிவம். 1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, நம் பகுதி ஆட்கள் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போய்வரத் தொடங்கிய காலத்தில், ரேடியோ கசற்றோடும் சுவர் மணிக்கூட்டோடும் இத்தகைய கமராக்களும் வந்து சேர்ந்தன. இதுவும் குவைத்திலிருந்து வந்ததென்றே கடைக்கார ஹாஜியார் சொன்னார்.

அவர் அதைப் பழுதென்று எண்ணியதில் நியாயம் இருந்தது. இந்தக் கமரா 5.6 வோல்ட் பாதரசப் பற்றரி ஒன்றுக்காக வடிவமைக்கப்பட்டது. பாதரசம் நஞ்சு என்பதால் அந்தப் பற்றரிகளின் தயாரிப்பு நிறுத்தப்பட்டு வெகுகாலமாகிறது. பற்றரி இல்லாவிட்டால், வெளிச்சம் மிஞ்சினால் எரியும் சிவப்பு விளக்கும் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கும் மேலே எரியமாட்டா. ஷட்டர் மட்டும் எந்த வெளிச்சத்திலும் 1/500 செக்கன் என்ற ஒரே வேகத்தில் திறந்து மூடும். விளக்கைப் பார்த்துக் கமராவின் உயிரை முடிவு செய்பவருக்கு அது செத்ததாகத்தான் தெரியும். “வடிவுக்கு வெச்சிக்கங்க தம்பி, வேலைக்கு ஆகாது” என்றார் அவர்.

பிலிமும் பற்றரியும் இல்லாமலே கடைவாசலில் பார்த்துவிடக்கூடியவை பல உண்டு. எலக்ட்ரோவில் முதலில் காதைத்தான் பயன்படுத்த வேண்டும். பிலிம் நகர்த்தும் நெம்பை மெதுவாக இழுக்கும்போது உள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு மந்தமான ஓசை எழ வேண்டும். உள்ளே ஒரு தண்டின் வழியில் இருக்கும் சிறிய ரப்பர் துண்டு நல்ல நிலையில் இருந்தால்தான் அந்த ஓசை வரும். அது உக்கிப் பொடிந்துபோயிருந்தால் நெம்பு சத்தமில்லாமல் வழுக்கும், தன்னியக்க ஒளியளவும் தடுமாறும். அந்தத் துண்டை மாற்றுவதற்குக் கமராவின் மேற்பகுதியையே கழற்ற வேண்டும் என்பதால், ஓசை வராத எலக்ட்ரோவை இலவசமாகத் தந்தாலும் நான் யோசிப்பேன். இதில் ஓசை தெளிவாகக் கேட்டது.

அடுத்தது தூரத்தைப் பார்த்துக் குவியம் பிடிக்கும் ரேஞ்ச்பைண்டர். பார்வைச் சாளரத்தின் நடுவே மஞ்சள் சாயலுடைய சிறு கட்டம் ஒன்று தெரியும். அதற்குள் ஒரே பொருளின் இரண்டாவது உருவம் விலகி நிற்கும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அது நகர்ந்து வந்து முதல் உருவத்தோடு பொருந்தும் இடமே சரியான தூரம். நான் வீதிக்கு வந்து, தொலைவில் நின்ற தொலைபேசிக் கோபுரத்தை நோக்கி வளையத்தை முடிவிலிக்குத் திருப்பினேன். இரண்டு கோபுரங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியாக உட்கார்ந்தன. மேலும் கீழுமாக விலகி நின்றிருந்தால் கமரா எப்போதோ கீழே விழுந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டிருப்பேன். உருவம் மங்கலாகத் தெரிவது வேறு விடயம். அது பெரும்பாலும் உள்ளே படிந்த தூசிதான்.

லென்ஸ்தான் இந்தக் கமராவின் சொத்து: 45 மில்லிமீற்றர், எப் 1.7 (ஒளி புகும் துவாரத்தின் அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது). நம்முடைய ஊரோ ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாக இருப்பதால், கண்ணாடியில் பூஞ்சணம் பிடிப்பதற்கு வேறு தூண்டுதல் வேண்டியதில்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தை முன்பக்கத்திலும், பின்மூடியைத் திறந்து பின்பக்கத்திலும் சாய்வாக அடித்துப் பார்த்தபோது, முன் கண்ணாடியின் ஓரத்தில் நகக்கீறல் அளவில் ஒரு வெள்ளை நூல் தெரிந்தது. வெயிலுக்கு எதிரே எடுக்கும் படங்களில் அது சிறிது தொல்லை தரலாம். மற்றப்படி படத்தில் தெரியாது. பின்மூடியின் விளிம்பில் ஒளி புகாமல் அடைக்கும் கறுப்புப் பஞ்சு தார்போல உருகிக் கையில் ஒட்டியது. பார்ப்பவரை இதுதான் அதிகம் பயமுறுத்தும், திருத்தச் செலவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அதே அலுமாரியில் கெனனின் பழைய கெனனெட் ஒன்றும் இருந்தது, 1961இல் வந்த முதல் வடிவம். லென்ஸைச் சுற்றியுள்ள செலீனியக் கலமே ஒளியை அளப்பதால் அதற்குப் பற்றரியே தேவையில்லை. வெளித்தோற்றமும் யாஷிக்காவைவிடப் பளபளப்பாக இருந்தது. ஆனால் ஷட்டர் இதழ்களில் எண்ணெய் படிந்து அவை ஒட்டிக்கொண்டிருந்தன. அதைக் கழற்றித் துடைக்கத் தெரிந்த கைகள் எனக்கு எட்டும் தூரத்தில் இல்லை. விலை இன்னும் குறைவென்றாலும் அதை வைத்துவிட்டேன்.

ஹாஜியார் முதலில் 8,000 ரூபாய் சொன்னார்; உருகிய பஞ்சைக் காட்டியதும் 6,000க்கு இறங்கினார். கொழும்பில் சோதித்துப் பார்த்து விற்பவர்கள் இதற்குப் பல மடங்கு கேட்பது எனக்குத் தெரியும். விற்பவருக்குத் தெரியாத ஒன்றை வாயை மூடிக்கொண்டு வாங்குவது எனக்கு ஒவ்வாது என்பதால், “பற்றரிக்கு ஒரு வழி செய்தா இது ஓடும் போல இருக்கு ஹாஜியார்” என்று சொல்லிவிட்டேன். “ஓடினா உங்கட நசீபு தம்பி, ஓடாட்டித் திருப்பிக் கொண்டு வராதீங்க” என்று காசை எண்ணி லாச்சிக்குள் போட்டார்.

பற்றரிக்கு வழி மணிக்கூட்டுக் கடையிலேயே இருந்தது. எல்.ஆர்.44 பொத்தான் பற்றரிகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 6 வோல்ட் வரும். அந்தச் சிறு வித்தியாசத்தை இந்தச் சுற்று பொறுத்துக்கொள்ளும். பழைய பற்றரி தடிப்பும் நீளமும் கூடியது என்பதால், அடுக்கைக் காகிதக் குழாயில் சுற்றி, மீதி இடத்துக்கு ரோச் லைற் ஒன்றின் சுருள்வில்லை வைத்தேன். பற்றரி அறையின் தொடுமுனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பை வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்தபின், பின்புறப் பொத்தானை அழுத்தியதும் பட எண் காட்டும் சாளரம் பச்சையாக ஒளிர்ந்தது.

கல்லடிக் கடற்கரையில் நடுப்பகலில் ஐ.எஸ்.ஓ. 400 என்ற ஒளியுணர்திறன் கொண்ட பிலிமோடு போனால், துவாரத்தை எப் 16க்குச் சுருக்கினால்தான் சிவப்பு விளக்கு அணைகிறது. 1/500க்கு மேல் இதனிடம் வேகம் இல்லை. மாலையிலும் வீட்டுக்குள்ளும்தான் எப் 1.7 தன் பெறுமதியைக் காட்டுகிறது. ஷட்டரின் ஓசையும் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அளவு மெல்லியது. ஒளி அளக்கும் கண் லென்ஸில் இல்லாமல் கமராவின் முகப்பில் இருப்பதால், லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் விளக்குகள் எல்லாம் சரி என்றே காட்டும், சாளரத்திலும் காட்சி தெளிவாகத்தான் தெரியும்.

செலவெல்லாம் இனிப் பிலிமில்தான். ஒரு சில ரோல்களிலேயே கமராவின் விலை கடந்துவிடுகிறது. வர்ண ரோல்களைக் கழுவக் கொழும்புக்கு அனுப்புகிறேன். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன், ஆனால் கரைசல் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்பதால், நம் குழாய்த் தண்ணீருக்கு ஐஸ்கட்டி இல்லாமல் ஆகாது. மாரி தொடங்குமுன் கமராவைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட்டேன். கூட வந்த தோலுறை அழகானதுதான், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அது வெளியே தனியாகத் தொங்குகிறது.