முப்பது வயது ஆம்னியை எஃப்.சி.க்குத் தேற்றிய கதை

எங்கள் வீட்டு மாருதி ஆம்னி 1992-ஆம் ஆண்டு மாடல். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும்; அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதுதான் எஃப்.சி. 2007, 2012, 2017 மூன்றையும் அப்பா பார்த்துக்கொண்டார். 2022 என் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்துதான் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியிருந்தது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார் என்று சொல்லாத உறவினர் இல்லை. ஆனால் சிறுமலையில் எங்களுக்கு ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. வாழைத்தார்களையும் எலுமிச்சை மூட்டைகளையும் போட்டுக்கொண்டு 18 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித் திண்டுக்கல் வந்துசேர, பின்னிருக்கையைக் கழற்றிய ஆம்னியைவிடத் தோதான வண்டி எங்கள் கைக்கெட்டும் விலையில் இல்லை.

வண்டியிலோ குறைகளுக்குப் பஞ்சமில்லை. மலை ஏறும்போது பாதியில் நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து, நின்றது நானல்ல என்பதுபோலக் கிளம்பும். வெப்பமானியின் முள் ஏறும். பிரேக் மிதி ஒருநாள் கெட்டியாக இருக்கும், மறுநாள் பாதிக்குமேல் இறங்கும். வேகம் ஐம்பதைத் தாண்டினால் தரைக்கடியில் அதிர்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4 சதவீதத்துக்கு மேல் காட்டியது. பாரத் ஸ்டேஜ் என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு அனுமதி 3 சதவீதம், எரியாத எரிபொருளான ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,500 பங்கு). இந்த வண்டி வந்த காலத்தில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது என்பதால்தான் இவ்வளவு தாராளம். அதையும் நாங்கள் தாண்டியிருந்தோம்.

முதலில் காட்டிய பட்டறையில் ஐந்து நிமிடத்தில் பட்டியல் எழுதிவிட்டார்கள்: பெட்ரோல் பம்ப், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், பொறிக்கு மின்சாரம் தரும் காயில், இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர். நான்கையும் மாற்றினால் ஏதாவது ஒன்றில் நோய் தீர்ந்துவிடும் என்பது கணக்கு. எது பழுது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பட்டறைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றுவிட்ட, அப்பாவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போனேன். மலையில் நிற்பதைச் சொன்னதும், “ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைக் கொண்டுவந்து காட்டினால் நான் ஜோசியம்தான் சொல்ல முடியும் தம்பி. அது நிற்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ” என்றார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்.

ஆம்னியில் இன்ஜின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். இருக்கையைச் சாய்த்து மூடியைத் திறந்தால் கார்புரேட்டர், சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், பம்ப் எல்லாம் கைக்கருகில். மழை பெய்தாலும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஓட்டுபவரின் பின்புறம் வெந்துபோவது இதற்குக் கொடுக்கும் விலை.

வண்டி வழக்கம்போல வளைவுகளின் நடுவே நின்றது. பெரியவர் அவசரப்படவில்லை. முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று பொருள், சத்தமே இல்லை. மூடியைத் திரும்ப இறுக்கிய பிறகே அடுத்த வேலை: காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடித்த ஒயரை உருவி, ரப்பர் கைப்பிடி போட்ட குறடால் பிடித்து, முனையை இன்ஜின் இரும்புக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார். நான் சாவியைத் திருப்பினேன். நீல நிறத்தில் படபடவென்று பொறி பாய்ந்தது. சூட்டில் காயிலோ அதற்குத் துணையான கண்டென்சரோ சோர்ந்திருந்தால் பொறி மஞ்சளாக, மெலிந்து வரும். ஆக, பட்டியலில் இருந்த காயில் அங்கேயே அடிபட்டுப்போனது.

ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தார். உள்ளே பெட்ரோல் இருந்தால் ஒரு மெல்லிய தாரை பீய்ச்சும். ஒன்றும் வரவில்லை. மின்சாரம் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. அரை மணி நேர மர்மம் பத்து நிமிடத்தில் பாதியாகக் குறைந்தது.

சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது, பம்ப் மேல் ஈரத்துணி போடு என்பார்கள். அதையும் செய்தோம். துணி போட்டு உடனே முயன்றும் கிளம்பவில்லை. வழக்கமாக இந்த வைத்தியம் பலித்ததாக எல்லோரும் நம்புவதற்குக் காரணம், தண்ணீர் தேடிப்போய்த் திரும்புவதற்குள் அந்த அரை மணி நேரம் கழிந்துவிடுவதுதான் என்பது என் சந்தேகம்.

பழுது ஃபில்டரில் தெரிந்தது. பம்புக்கு முன்னால் மாட்டும் அந்தச் சிறிய பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர் கண்ணாடிபோல ஊடுருவிப் பார்க்கக்கூடியது. ஸ்டார்ட்டரைச் சுற்றியபோது பெட்ரோலோடு சேர்ந்து குமிழிகள் வரிசையாக ஓடின, பாதிக்குமேல் காற்று. டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயையும் ஃபில்டரையும் இணைக்கும் ரப்பர் ஹோஸை விரலால் மடக்கியதும், வெளிப்புறம் முழுக்க நுண்ணிய வெடிப்புகள் வாய் திறந்தன. கிளிப்புக்கு அடியில் ரப்பர் கொழகொழவென்று இருந்தது. சொட்டுப் பெட்ரோல்கூடக் கசியவில்லை, வாடையும் இல்லை. ஏனென்றால் இந்த வண்டியில் பம்ப் இன்ஜினோடு இருக்கிறது, டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சமதரையில் இன்ஜினுக்கு வேண்டியது குறைவு, சமாளித்துவிடும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முழுக்க மிதித்தால் சமாளிக்காது. டேங்க் நிறைய இருந்தால் பம்ப் சிரமப்பட்டு உறிஞ்ச வேண்டியதில்லை; அந்த நாள்களில் வண்டி அதிகம் நிற்காததற்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022-இல் நாடு முழுக்கச் சராசரியாகப் பத்து சதவீதத்தை எட்டியது. பழைய ரப்பரை எத்தனால் உப்பவைக்கும், உள்ளே படிந்த கசடைக் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் இந்த ஹோஸுக்கு எத்தனாலே தேவையில்லை. வயதே போதுமானதாக இருந்திருக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பர் இருந்த இடமெல்லாம் மாற்றினோம். கிளிப்புகளும் ஃபில்டரும் புதிது. முதல் பட்டறை எழுதிய பம்பின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. அந்தப் பழைய பம்ப் இன்றும் ஓடுகிறது.

அடுத்தது சூடு. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத்தண்ணீர். கெட்டிலில் வெள்ளைப் படிவம் எப்படிச் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதையேதான் ரேடியேட்டரில் ஊற்றுவார்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை நகர்த்திப் பார்த்தால் போதும். அடைத்த இடம் குளிர்ந்திருக்கும். எங்களுடையதில் கீழ்ப்பகுதியில் பெரிய பரப்பு அப்படி இருந்தது. பித்தளை ரேடியேட்டர் என்பதால் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மேல் தொட்டியின் ஈயப் பற்றைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பற்றவைத்தார்கள். உள்ளிருந்து கொட்டியது ஈரச் சுண்ணாம்பு.

அந்த வேலைக்கு முன்பு ஒன்றைப் பார்த்துக்கொள்வது நல்லது: சிலிண்டர்களுக்கும் அவற்றின் மூடிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டுக் கிளப்பினால், தண்ணீரில் குமிழி இடைவிடாமல் வருகிறதா என்று தெரியும். வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. ரேடியேட்டருக்குச் செய்யும் செலவு வீண். சூடான இன்ஜினில் மூடியைத் தொடவே கூடாது என்பதை நம் ஊரில் எத்தனை முறை சொன்னாலும் தகும். எங்களுக்குக் குமிழி இல்லை. இன்ஜின் எண்ணெயும் பால் நிறமாக மாறவில்லை.

ஆனால் இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. எப்போதோ ஒரு மெக்கானிக் கழற்றி எறிந்திருக்கிறார். நம் வெயிலுக்கு அது எதற்கு என்பது பரவலான கருத்து. இதில் நான் யாரோடும் சண்டைக்கு நிற்பேன்: இது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் ஊருக்குள் ஓடும்போது முழுச்சூட்டுக்கு வருவதே இல்லை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாது, எண்ணெயில் ஈரம் தங்கும், மைலேஜ் குறையும், புகை கூடும். மலையில் சூடேறியதற்குக் காரணம் ரேடியேட்டர் அடைப்பு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதால் அந்த அடைப்பு இத்தனை காலம் மறைந்திருந்தது, அவ்வளவுதான். புதியதை வாங்கி வீட்டிலேயே பாத்திரத்துத் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்பே வாய் திறந்தது. மாட்டினோம். இப்போது உள்ளே போவது கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் மட்டும்.

புகை இதிலேயே பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக். கையால் இழுக்கும் சோக் கம்பி துருப்பிடித்து இறுகி, குமிழை முழுக்க உள்ளே தள்ளிய பிறகும் கார்புரேட்டர் வாயிலுள்ள தகடு கொஞ்சம் மூடியே நின்றது. காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்தது. மூன்று ஸ்பார்க் பிளக்குகளின் முனையிலும் உலர்ந்த கரி. கம்பியை மாற்றி, பிளக்குகளைச் சுத்தம் செய்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட்டின் இடைவெளியைச் சரிபார்த்து, கடைசியாகத்தான் பெட்ரோல்-காற்று அளவைத் திருத்தும் கலவை ஸ்குருவைத் தொட்டார் பெரியவர். முதலில் அதைத் திருகுபவர்கள் மற்ற எல்லாக் குறைகளையும் அந்த ஒரு ஸ்குருவுக்குள் ஒளித்துவைக்கிறார்கள் என்றார். மறுசோதனையில் கார்பன் மோனாக்சைடு 1.8 சதவீதம் வந்தது.

பிரேக்கில் நான் விளையாடுவதில்லை. அதை மட்டும் பட்டறையில் விட்டுப் பக்கத்திலேயே நின்றேன். மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது மெல்ல இறங்கி, பிரேக் ஆயிலின் அளவும் குறையாமல் இருந்தால், ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் கசிவு. ஆயில் குறைந்தால் வெளியே எங்கோ ஒழுகுகிறது. எங்களுக்குக் குறைந்தது. பின் வலது சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியபோது, அதை உள்ளிருந்து உரசி நிறுத்தும் ஷூ நனைந்திருந்தது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருந்தது. ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டலாம் என்றார் அங்கிருந்த பையன். ஆயில் குடித்த ஷூ மறுபடி பிடிக்காது. இரண்டு பக்கமும் புதிது போடச் சொன்னேன். பாகங்களைக் கழுவப் பெட்ரோல் கிண்ணத்தையும் எடுத்தான். பிரேக் ரப்பருக்குப் பெட்ரோல் விஷம். பிரேக் ஆயிலாலேயே கழுவ வைத்தேன்.

தரைக்கடி அதிர்வு எளிது. சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கீழே படுத்து இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கினால், அதன் மூட்டிலுள்ள தேய்ந்த கிராஸ் ‘டக்’ என்று ஆடும். மாற்றினோம். கழற்றும் முன் ஷாஃப்டிலும் அது சேரும் முகப்பிலும் பெயின்டால் ஒரே கோடு போட்டுக்கொண்டால், பழைய நிலையிலேயே திரும்ப மாட்டலாம். இல்லையேல் புது அதிர்வு வந்து சேரும்.

பதிவு முடியும் நாளுக்கு அறுபது நாள் முன்பிருந்தே புதுப்பிப்புக்கான படிவம் 25 கொடுக்கலாம். ஆய்வு நாளில் விளக்குகள், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், கைபிரேக், டயர் என்று வரிசையாகப் பார்த்தார்கள். சேஸிஸ் எண்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். முந்தைய நாளே அந்த இடத்துத் துருவை நீக்கி எண் தெளிவாகத் தெரியும்படி செய்திருந்ததால் அதில் தாமதமில்லை. ஓட்டிப் பார்த்த ஆய்வாளர் பிரேக்கை ஒருமுறை அழுத்தி மிதித்தார். வண்டி நேராக நின்றது. கையெழுத்து ஆனது.

ஆம்னி தயாரிப்பே 2019-இல் நின்றுவிட்டது என்றாலும் இன்ஜின் பாகங்களுக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் தகரத்தில்தான். பக்கக் கதவு உருளும் தடத்துக்குக் கீழே, மணலும் மழைநீரும் தங்கும் மூலையில், தரைத்தகடு விரலால் அழுத்தினால் உள்வாங்குகிறது. 2027-க்குள் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். வெல்டிங்குக்கு விடும் முன் பாட்டரியைக் கழற்றி, டேங்கை இறக்கி வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறார் பெரியவர். விலை கேட்டு வைத்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் விட வேண்டும்.