வாரம் ஒரு ஊசி: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

நவம்பர் 4, செவ்வாய்

அண்ணனுக்கு இன்று குளோசபின் என்ற மனநோய் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. முன்பு கொடுத்த இரண்டு மருந்துக்கும் காதில் கேட்கிற குரல் அடங்கவில்லை. மற்றது எதுவும் பலிக்காதவர்களுக்குத்தான் இதைக் கொடுப்பார்களாம். கூடவே ஒரு நிபந்தனை: முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாதம் ஒரு தடவை. நூறு பேரில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோ, கிருமியோடு சண்டை போடுகிற நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவை இந்த மருந்து அடியோடு குறைத்துவிடும். ஆபத்து அதிகம் முதல் சில மாதங்களில்தான்.

"வாராவாரம் ரத்தம் எடுத்தா பையன் தாங்குவானுங்களா?" என்றாள் அம்மா. "ரெண்டு எம்எல் தானே அம்மே" என்றார் டாக்டர்.

நவம்பர் 11

ரிப்போர்ட்டைப் பார்த்து லேப் சேச்சி, "டோட்டல் கவுண்ட் நார்மல்" என்றார். அது போதாது. மொத்த வெள்ளை அணு 7,200, அதில் நியூட்ரோஃபில் 58 சதவீதம். பெருக்கி நூறால் வகுத்தால் 4,176. டாக்டர் பார்ப்பது இந்த எண்ணைத்தான், ஏஎன்சி என்கிறார். 1,500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்துவார்கள். 500-க்குக் கீழே என்றால் சாதாரணக் கிருமியே ஆளைக் கொன்றுவிடலாம். மொத்தம் 4,000 இருந்து நியூட்ரோஃபில் 30 சதவீதம்தான் என்றால் ஏஎன்சி வெறும் 1,200. மேலோட்டமாகப் பார்த்தால் அந்த ரிப்போர்ட்டும் நார்மல்தான்! எங்கள் லேப் ஏஎன்சியை அச்சடிப்பதில்லை. நானே பேனாவால் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 18

எல்லாம் சரி. ஏஎன்சி 4,000-க்குப் பக்கம்.

இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று படித்தேன். 1975-இல் பின்லாந்தில் இந்த மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர் வெள்ளை அணு இறங்கி இறந்துபோனார்கள். பல நாடுகள் மருந்தையே ஒதுக்கின. 1988-இல் அமெரிக்காவில் ஜான் கேன் குழுவினர், வேறு மருந்துகளுக்குக் கேட்காத நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். பழைய மருந்தான குளோர்புரோமசினில் 4 சதவீதம் பேர் தேறினார்கள், இதில் 30 சதவீதம். மறு வருடமே அங்கே அனுமதி, ரத்தப் பரிசோதனை என்ற கட்டோடு. ஊசி இல்லையென்றால் இந்த மாத்திரை எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

நவம்பர் 24, திங்கள்

விருச்சிகக் காற்று ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்டு அடிக்கிற இந்தக் காற்றில் ஊரே தொண்டையைச் செருமிக்கொண்டு திரியும். அண்ணனுக்கும் தொண்டை வலி, சாயங்காலம் லேசாகக் காய்ச்சல். பெரியப்பா வழக்கம்போல, "காத்துக்குத்தான். ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுப் படுக்கச் சொல்லு" என்றார். வேறு யாருக்கென்றாலும் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் வெள்ளை அணு இறங்கினால் முதலில் தெரிவதும் இதே தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண்தான். இருட்டுவதற்குள் லேபுக்குக் கூட்டிப்போனேன். ஏஎன்சி 3,300. டாக்டரிடம் போனில் சொன்னேன். மருந்தைத் தொடரலாம், காய்ச்சல் விடாவிட்டால் நாளைக்கே கூட்டிவாருங்கள் என்றார்.

"சளிக்கெல்லாமா ரத்தம் பாப்பாங்க?" என்று பெரியப்பா இன்னும் முனகுகிறார். முனகட்டும்.

டிசம்பர் 2

காய்ச்சல் மறுநாளே விட்டது. இன்று லேபில் காத்திருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரருக்கு வால்புரோயேட், வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கிற மருந்து. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறதாம், ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் அணு 90,000. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். இந்த மருந்தின் அளவு கூடக்கூட பிளேட்லெட் குறையலாம். டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார்.

பொள்ளாச்சிச் சித்தி நினைவுக்கு வந்தாள். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறாள், முட்டி வலிக்கு மெடிக்கலில் தானாக ஐபுபுரோஃபென் வாங்கிப் போடுகிறாள். பிளேட்லெட் ரத்தத்திலிருந்து செரோடோனின் என்ற ரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டுதான் காயத்தை அடைக்கும். எஸ்சிடலோபிராம் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது, எண்ணிக்கை குறையாவிட்டாலும் வேலை மந்தமாகும். ஐபுபுரோஃபெனோ வயிற்றைப் புண்ணாக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியக்கூடும். கையில் கன்றிப்போகிறது என்று அவள் சொன்னது இதனால்தானோ? டாக்டரிடம் இரண்டு மாத்திரையையும் காட்டச் சொல்லி போன் போட்டேன்.

டிசம்பர் 9

ஏஎன்சி 3,900. அண்ணன் இன்று தானாகவே கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போனான்.

மாமன் மகன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான், அண்ணனையும் கூப்பிடுகிறான். போகலாம், செவ்வாய்க்கிழமை ரத்தம் மட்டும் தவறக்கூடாது என்றார் டாக்டர். மாத்திரையும் விடக்கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டுமாம். மாத்திரையை இருமுடியில் வைக்கலாமா என்று அம்மா குருசாமியிடம் கேட்டிருக்கிறாள். "தாராளமா வைங்க, ஆனா பின்முடியில வைங்க" என்றாராம்.