ஸ்பிட்பயருக்குப் பிறகு மோலி ரோஸ்

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் முடித்த விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிப்போய்க் கொடுத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மோலி ரோஸ் அவர்களில் ஒருவர். கொண்டுபோய்ச் சேர்த்தவை 486. அதில் 273 ஸ்பிட்பயர் என்ற சண்டை விமானங்கள். யுத்தம் முடிந்து சில காலத்தில் அவர் நீதவானாகவும் அமர்ந்தார். அவரைப் பற்றி நான் வாசித்தவற்றில் ஸ்பிட்பயருக்குப் பக்கம் பக்கமாக இடம், நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு வரி. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்து தினமும் சட்டத்தரணியாக வழக்குக்குப் போய்வருகிற எனக்கோ அந்த ஒரு வரியில்தான் கண் நிற்கிறது.

சரி, முதலில் விமானம். கேம்பிரிட்ஜில் விமானத் தொழில் நடத்திய மார்ஷல் குடும்பத்துப் பிள்ளை. 17 வயதிலேயே ஓட்டப் பழகிவிட்டார். 1942இல், விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்து, தென் இங்கிலாந்தில் ஹம்பிளில் இருந்த பெண்கள் பிரிவுக்குப் போனார். அதே வருடம் ஏப்ரல் 9ஆம் திகதிதான் எங்கள் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியரின் ஹேர்மிஸ் கப்பலை ஜப்பான்காரர் மூழ்கடித்தார்கள். விமானம் தாங்கிக் கப்பல், ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. யுத்தத்தில் விமானத்தை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு விளங்கும்.

அந்தப் பெண்களுக்கு வானொலித் தொடர்பு இல்லை. மேகத்துக்குக் கீழே, வரைபடத்தையும் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். அதைவிட என்னை அசத்தியது ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம். வளையத்தில் கோர்த்த அட்டைகள். விமான வகை ஒன்றுக்கு ஓர் அட்டை. எந்த வேகத்தில் மேலெழும்புவது, எந்த வேகத்தில் இறக்குவது, சக்கரத்தை எப்படி உள்ளே இழுப்பது என்று எல்லாம் அதில். முன்பின் தொட்டிராத வகை விமானம் என்றாலும் அந்த அட்டையை வாசித்துவிட்டு ஏறி ஓட்ட வேண்டியதுதான். 1943இல் இந்தப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளமும் கிடைத்தது. போலின் கவர் என்ற அவர்களுடைய தலைவி விடாமல் நின்று வாங்கிக் கொடுத்தது.

1944இல் நோர்மண்டிச் சண்டையில் மோலியின் கணவர் பேர்னாட்டைக் காணவில்லை என்று செய்தி வந்தது. அதன் கனம் மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிறகுதான் ஜேர்மனியரிடம் கைதியாக இருப்பது தெரிந்தது. இடையில் மோலி வேலையை விடவில்லை. பேர்னாட் திரும்பி வந்து ஒக்ஸ்போர்ட்டில் இசை கற்பித்தார்.

இனி அந்த ஒரு வரி: மோலி சமாதான நீதவானாக, அதாவது ஜே.பி.யாக, இருந்தார். எங்கள் ஊரில் சமாதான நீதவான் என்றால் போட்டோக்கொப்பியில் முத்திரை குத்துபவர், சத்தியக்கடதாசியில் ஒப்பமிடுபவர். பெயர்ப்பலகையில் ஜே.பி. என்று போடுவதற்காகவே அந்தப் பதவிக்கு அலைகிற சிலரையும் எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் அதே பதவிக்காரர்தான் வழக்கே கேட்கிறார். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, சம்பளமும் கிடையாது. வழக்கமாக மூன்று பேர் சேர்ந்து அமர்வார்கள். சட்ட நுணுக்கத்துக்குச் சட்ட ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். களவு, அடிதடி, வாகன வழக்கு எல்லாம் முதலில் வந்து நிற்பது அங்கேதான். பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1919இல். அந்த வருடத்துக் கடைசி நாளில் முதற்பெண்ணாகச் சத்தியம் செய்தவர் ஸ்டேலிபிரிட்ஜ் நகர மேயர் எய்டா சமர்ஸ்.

ஒரு காலை நேரத்து நீதிமன்றத்தை நினைத்துப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மோட்டார்சைக்கிள் ஓடிய பொடியன், அவனுக்குப் பின்னால் தாபரிப்புப் பணம் கட்டாத புருஷன், அதற்குப் பின்னால் வேலித் தகராறில் மண்டை உடைந்த இரண்டு அண்ணன் தம்பி. கோப்பு கைக்கு வரும்போதே ஆளும் கூண்டில் ஏறிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவருடைய வாழ்க்கையை அந்த நேரத்துக்குள் வாசித்துப் பிடிக்க வேண்டும், பதறவும் கூடாது. அட்டையை வாசித்து விமானம் ஏறிய பெண்ணுக்கு இந்த வேலை கைவந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆச்சி ஒருவர் காணி வழக்கொன்றுக்கு என்னிடம் வருபவர். வெளி வாங்கில் காத்திருந்தபோது அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏரோப்பிளேன் ஓட்டின பொம்புளயா வழக்குக் கேட்ட? அப்ப சும்மா சும்மா தவணை போட்டிருக்க மாட்டா, என்ன புள்ள?"